நான்காம் குவியலின் மூச்சு

மார்ச் 11, செவ்வாய்.

தவறு: நான்காம் குவியலில் மூச்சுச் சோதனைக்காக மதியம் இரண்டு மணிக்குக் காற்று மோட்டாரை நிறுத்தினேன். மூன்று மணிக்குப் போட்டிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். ஐந்தேகால் வரை மோட்டார் ஓடவில்லை. ஷெட்டிலிருந்து ஒரு முழம் கயிறும் எடுத்தேன்; யாரிடமும் கேட்கவில்லை.

அளவு: ஆக்சிஜன் முதல் ஒரு மணி நேரம் ஒழுங்காக இறங்கியது. பிறகு ஏறியது. மறுபடி இறங்கியது. கருவியின் பிழையாக இருக்கலாம். என் பிழையாகவும் இருக்கலாம்.

நாளைய வேலை: கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

மண்ணைச் சுத்தம் செய்யும் வேலைக்காக அவள் போகும் மாலை வகுப்பில் கொடுத்த நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் இந்த மூன்று தலைப்புகள் அச்சாகியிருந்தன. தவறுதான் முதலில். வகுப்பில் மற்றவர்கள் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அவளுக்கு மட்டும் கட்டம் போதாது. எழுத்து ஓரத்துக்கு வழிந்து ஏறும். அன்று எழுதி முடித்து மூடிய நோட்டை அவள் மறுபடி திறந்தாள். ‘பிறகு ஏறியது’ என்ற வார்த்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏற வழியே கிடையாது.

அவள் வேலை பார்த்த இடம் ஒரு காலத்தில் எண்ணெய்க் கிடங்கு. ஆறு பெரிய தொட்டிகள் இருபது வருஷம் கசிந்து, மண் கறுத்து, புல் முளைக்காமல் போயிருந்தது. அந்த மண்ணைத் தோண்டியெடுத்து, ஆள் உயரமும் பஸ் நீளமுமாகப் பன்னிரண்டு குவியல்கள் போட்டிருந்தார்கள். அடியில் துளையிட்ட குழாய்கள். மேலே கறுப்புத் தார்ப்பாய். பறக்காமல் இருக்க ஓரத்தில் பழைய டயர்கள். மண்ணுக்குள் எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா. அங்கே யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ‘பூச்சி’ என்பார்கள். பூச்சிக்குத் தண்ணீர், கொஞ்சம் உரம், நிறையக் காற்று. தின்றுவிட்டு அது மூச்சு விடும். மோட்டாரை நிறுத்தினால் மண்ணுக்குள் இருக்கும் ஆக்சிஜன் குறையும். எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ அவ்வளவு நன்றாகப் பூச்சி தின்கிறது என்று அர்த்தம். இதுதான் மூச்சுச் சோதனை. கருவியின் பேனா காகிதச் சுருளில் ஒரே ஒரு சரிவுக் கோடு போடும். மோட்டார் நின்றிருக்கும்போது மண்ணுக்குள் காற்றை யார் இழுப்பது?

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் யாரோ “பூச்சிக்குத் தண்ணி காட்டியாச்சா?” என்று கத்தியபோது அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அண்ணன் அவளை அப்படித்தான் கூப்பிடுவான்.

அண்ணன் இதே கிடங்கில் தொட்டி கழுவும் ஆளாக இருந்தான். நாலு வருஷத்துக்கு முன் ஆறாம் தொட்டிக்குப் பின்னால், எண்ணெய்ச் சேறு கொட்டும் குழிமேல் போட்டிருந்த பலகை முறிந்தது. இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தார்கள். கயிறு மட்டும் வந்தது. பதினொரு நாள் பம்பு வைத்து இறைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் பம்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பிறகு கிடங்கை மூடி, கைமாறி, சுத்தம் செய்ய வேறு ஆட்கள் வந்து, அந்தக் குழியையும் தோண்டி மண்ணோடு கலந்து போட்டதுதான் நான்காம் குவியல். அதைத்தான் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏன் என்று வேலையை மேற்பார்க்கும் புதிய மேடத்திடம் சொல்லவில்லை. எண்ணெய் போனபின் மண்ணைச் சலித்தால் ஒரு பெல்ட் கொக்கி, ஒரு பல், ஏதோ ஒன்று கிடைக்கும். அதை அம்மா கையில் வைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அம்மாவிடம் இருந்தது ஒரு சட்டை. விபத்துக்கு முந்தின நாள் அவன் கழற்றி ஆணியில் மாட்டியது. அதன் வலது கையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தை இறுகக் கட்டி வைத்திருந்தாள். மாதத்தில் ஒரு நாள், அவன் பிறந்த இருபத்தெட்டாம் தேதி, கட்டை அவிழ்த்து முகத்தை உள்ளே வைத்து ஒரே ஒரு மூச்சு இழுப்பாள். மகளுக்கும் ஒன்று கொடுப்பாள். “போதும் போதும், இழுத்தா தீந்துடும்” என்று உடனே கட்டிவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மோட்டாரை மறந்ததற்குக் காரணம் அம்மாவின் போன்தான்.

“பையைக் கட்டற கயிறு இத்துப்போச்சுடி. வரும்போது ஒண்ணு கொண்டாறியா?”

“எப்படிப்பட்ட கயிறும்மா?”

“தூக்குப் போட்டுக்கவா கேக்குறேன்? எதுவா இருந்தாலும் சரி. காத்து போகாமக் கட்டணும், அவ்ளோதான்.”

அவள் ஷெட்டுக்குப் போய், குவியலில் தூவப் பூச்சியைப் பொடியாக அடைத்து வரும் சாக்கின் வாயைக் கட்டியிருந்த கயிற்றில் ஒரு முழம் வெட்டிக்கொண்டாள். வெட்டிவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தபோது மணி ஐந்தேகால்.

மறுநாள் கருவியைத் துடைத்தாள். பேனா முனையை மாற்றினாள். மதியம் மேடம் ஆய்வுக்கூடத்துக்குப் போன நேரம் பார்த்து மோட்டாரை நிறுத்தி, இந்த முறை வேண்டுமென்றே மூன்று மணி நேரம் விட்டாள். கோடு இறங்கியது, ஏறியது. ஐந்தாம் குவியலில் கருவியை மாட்டிப் பார்த்தாள். அங்கே ஒரே சரிவு. மறுபடி நான்கில் மாட்டினாள். மறுபடி அலை.

வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு முடிந்து வந்து, நான்கு நாள் காகிதத் துண்டுகளைச் சமையலறை மேடையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாள். குக்கரின் ஆவி ஜன்னல் கண்ணாடியில் படிந்துகொண்டிருந்தது. குழாய் எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா உள்ளறையில் துணி மடித்தபடி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அலைகள் எல்லாத் துண்டிலும் ஒரே மாதிரி இருந்தன. ஒரு நீளமான ஏற்றம். நின்று, இரண்டு குட்டை இறக்கம். நீளம், குட்டை, குட்டை. நாற்பது நிமிஷத்துக்கு ஒன்று.

அவள் கை மேடையிலேயே நின்றது.

எட்டு வயதில் அண்ணன் சைக்கிளிலிருந்து விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டான். அன்றிலிருந்து தூக்கத்தில் அவன் மூச்சு நீளமாக உள்ளே போகும். கோணல் எலும்பில் தடுக்கி, இரண்டு துண்டாக வெளியே வரும். வீட்டில் ஒரே அறை. சுவர் பக்கம் அம்மா, கதவுப் பக்கம் அண்ணன், நடுவில் அவள். தலையணை இரண்டுதான், அவளுக்கு அண்ணனின் கை. பத்து வருஷம் காதுக்கு நாலு விரல் தூரத்தில் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

நீளம். குட்டை, குட்டை.

நோட்டில் எழுதினாள்: ‘தவறு: தெரியாததைத் தெரிந்ததாக நினைப்பது.’ எழுதியபின் அதை அடித்தாள். அடித்தது சரியா என்றும் தெரியவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பொக்லைன் வைத்துக் குவியலைப் புரட்டுவார்கள். அடுத்த வியாழக்கிழமை அவள் வண்டியின் படியருகே போய் நின்றாள்.

“அண்ணே, நாலாவதைக் கொஞ்சம் மெதுவாப் புரட்டுங்களேன்.”

பொக்லைன்காரர் பெரிய வயிறு குலுங்கச் சிரித்தார். “ஏம்மா, உள்ள யாராச்சும் தூங்கறாங்களா? மண்ணுக்குத் தாலாட்டு பாடணும்னா அதுக்குத் தனியா ஆள் போடச் சொல்லு. எனக்குத் தொண்டை கட்டியிருக்கு.”

இரும்பு வாளியின் பற்கள் குவியலுக்குள் இறங்கின. மண்ணிலிருந்து சூடான ஆவி வந்தது; டீசலும் ஈரமும் கலந்து, தூங்கி எழுந்தவன் வாய்போல் ஒரு வாடை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று மதியத் துண்டில் கோடு செங்குத்தாக ஒரு கீறலாக விழுந்திருந்தது. அதன்பின் ஒன்றுமில்லை. மறுநாள் முழுக்க ஒன்றுமில்லை. சனிக்கிழமை காலை ஒரு நடுக்கம். பிறகு மெதுவாக, பயந்து பயந்து, நீளம். குட்டை. குட்டை.

தார்ப்பாயின் மேல் கை வைத்து, “மன்னிச்சுக்கோண்ணா” என்றாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

மேடம் அன்றே அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினாள். “நாலாவது ரொம்ப நல்லா வருது. மத்ததுக்கெல்லாம் இன்னும் மூணு மாசம் ஆகும். இதுல எண்ணெய் அடுத்த வாரமே அளவுக்குக் கீழ வந்துடும். ரோட்டுக்கு அடியில போட மண்ணு கேட்டிருக்காங்க, முதல்ல இதையே அனுப்பிடலாம். உன் கைராசிதான்.”

“என் கையில ஒண்ணும் இல்ல மேடம்.”

“ஏன் எப்பவும் அடி வாங்கின மாதிரியே பேசுற? நல்லாப் பண்ணினா நல்லாப் பண்ணேன்னு ஒத்துக்கோயேன்!”

எண்ணெய் குறையக் குறைய மூச்சும் மெலிந்தது. அது அவளுக்குத்தான் தெரியும். நாற்பது நிமிஷம் ஐம்பதாகி, ஒரு மணி நேரமானது. ஏற்றங்கள் சின்னதாகின. அன்று வகுப்பில் கை தூக்கி, எண்ணெய் முழுக்கத் தீர்ந்தால் பூச்சி என்ன ஆகும் என்று கேட்டாள். வாத்தியார் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “வேற ஏதாவது கிடைச்சா திங்கும். கிடைக்கலேன்னா காத்திருக்கும். அதுக்கென்ன, அவசரமா?”

திங்கட்கிழமை சாயங்காலம் பொக்லைன் எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய எண்ணெயில் இரண்டு லிட்டரைக் கேனில் பிடித்து, தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி நான்காம் குவியலில் ஊற்றினாள். அழுக்கை எடுக்கச் சம்பளம் வாங்குகிறவள் அழுக்கை ஊற்றினாள். மண் அதை உறிஞ்சவில்லை, விழுங்கியது. தொண்டைபோல் ஒரு சத்தம்.

செவ்வாய், இருபது நிமிஷத்துக்கு ஒரு மூச்சு. மறுபடி ஊற்றினாள். புதன், ஐந்து நிமிஷம். அன்றும் ஊற்றினாள். வியாழன் காகிதத்தில் பேனா வெறும் கறுப்புப் பட்டையைத்தான் போட்டது; மூச்சின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. கருவியைக் கழற்றிவிட்டு, கட்டைவிரல் பருமனில் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சோதனைக் குழாயின் மூடியைத் திறந்து காதை வைத்தாள். உள்ளிருந்து சூடான காற்று காதுமடலில் பட்டது. நின்றது. பட்டது, பட்டது.

மனிதன் தூங்கும் வேகம்.

ஊற்றிய ஆறு லிட்டரையும் மண் தின்று முடித்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை மேடம் தானே மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினாள். “கீழ வந்துடுச்சு! திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு லாரி. நாலாவதுதான் முதல் லோடு.”

அன்று தேதி இருபத்தெட்டு.

அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பை திறந்திருந்தது. சட்டை மடியில். அம்மாவின் மூச்சு எப்போதும்போல் ஒவ்வொன்றும் முடியும் இடத்தில் சின்ன விசிலோடு வந்துகொண்டிருந்தது.

“மழை பெஞ்ச மண்ணு வாசனை வருதுடி,” என்றாள் அம்மா. “வேற ஒண்ணும் வரல. நாலஞ்சு வாட்டி இழுத்துப் பார்த்துட்டேன்.”

அவள் வாங்கி முகத்தில் வைத்தாள். ஈரமண். சுத்தமான, குளிர்ந்த, யாருடையதும் அல்லாத வாசனை. சட்டையின் வலது கையைப் பிரித்தாள். கறை இருந்த இடம் மற்ற துணியைவிட வெளுப்பாக இருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. தரையில் கயிறு கிடந்தது. சாக்கின் வாயைக் கட்டியிருந்த கயிறு. அதன் இழைகளுக்குள் இன்னும் பழுப்புப் பொடி.

“நான்தாம்மா. அந்தக் கயிறு... அதுல பூச்சி இருந்திருக்கு. அது தின்னுடுச்சு. நான்தான் கொண்டுவந்தேன்.”

அம்மா கயிற்றை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். “மாசம் ஒரு மூச்சு இழுத்தது நான். தீரும்னு தெரிஞ்சேதான் இழுத்தேன். நீ இல்லடி.”

திட்டியிருக்கலாம். அம்மா எதற்கெல்லாமோ திட்டுவாள். பால் பொங்கினால் திட்டுவாள், மழை வந்தால் திட்டுவாள். அன்று திட்டவில்லை. சட்டையைச் சாதாரணத் துணிகளோடு மடித்து வைத்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“ஞாயித்துக்கிழமை என்கூட வாம்மா,” என்றாள். “ஒண்ணு கேக்கணும் நீ.”

ஞாயிறு நாலு மணிக்கு வெயில் இன்னும் தணியவில்லை. வாசலில் காவல்காரர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். “என்னம்மா, லீவு நாள்லயும் பூச்சிக்குச் சோறா? கூட யாரு, பெரிய பூச்சியா?” அம்மா சிரிக்கக்கூடச் செய்தாள். மடித்த சட்டையை அக்குளில் இடுக்கியிருந்தாள்.

குவியல்களுக்கு நடுவே நடக்கும்போது மோட்டார்களின் ரீங்காரம் தவிர வேறு சத்தமில்லை. பதினொரு தார்ப்பாய்கள் வெயிலில் இறுகிக் கிடந்தன. நான்காவது மட்டும் வியர்த்திருந்தது. அவள் அதன் மோட்டாரை நிறுத்தினாள். குழாயின் மூடியைத் திறந்தாள். என்ன கேட்கும் என்று சொல்லவில்லை. தான் சொல்லித்தான் கேட்டது என்று பிறகு சந்தேகம் வரக்கூடாது.

அம்மா குந்தி உட்கார்ந்து காதை வைத்தாள்.

வெகுநேரம் அசையவில்லை. பிறகு மெல்ல, யாரையோ எழுப்பிவிடாமல் பேசுவதுபோல் சொன்னாள்: “மூக்கை உடைச்சுக்கிட்ட நாள்லேர்ந்து இப்படித்தான்.”

அவளுக்கு அழுகை வந்தது. நாலு வருஷமாக வராதது.

“பசியா இருக்கான்டி,” என்றாள் அம்மா.

“நாளைக்கு லாரி வருதும்மா.”

“வரட்டும்.” அம்மா மண்ணை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். அவள் மூச்சின் விசில் வேகமாகியிருந்தது. “கொஞ்சம் தண்ணி கொண்டாடா கண்ணு. தொண்டை வரளுது.”

ஷெட் நாற்பது அடி தூரம். குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு துரு கலந்த தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். டம்ளரைக் கழுவினாள். நிரப்பினாள். திரும்பினாள்.

அம்மா இல்லை.

செருப்பு இருந்தது. ஜோடியாக, வீட்டு வாசலில் விடுவதுபோல் குவியலைப் பார்த்து விட்டிருந்தது. இரண்டு டயர்கள் நகர்ந்திருந்தன. அந்த இடத்தில் தார்ப்பாயின் ஓரம் மண்ணுக்கு அடியில் செருகியிருந்தது. உள்ளிருந்து. ராத்திரி போர்வையைக் காலுக்கடியில் மடித்துச் செருகுவாளே அம்மா, அப்படி.

“அம்மா.”

டம்ளர் விழுந்தது. ஓடினாள். மண்வெட்டி. சுவரில் சாய்த்திருந்தது. எடுத்தாள். தார்ப்பாயோடு சேர்த்து ஒரு வெட்டு.

குழாயிலிருந்து சத்தம் வந்தது. விசில். அடிபட்டவள் இழுக்கும் விசில். பிறகு நின்றுவிட்டது. எல்லாம் நின்றுவிட்டது.

மண்வெட்டியைப் போட்டாள். குழாயில் காது. ஒன்றுமில்லை. வாய் வைத்து ஊதினாள். “அம்மா, தப்பு, தப்பு, இனிமே வெட்ட மாட்டேன்.” மோட்டார். மோட்டாரைப் போட்டாள். கைகளால் மண்ணைத் தடவினாள். கதகதப்பு. நூறு எண்ணினாள். இருநூறு.

நீளம்.

குட்டை. குட்டை.

அதன் பின்னால், தயங்கி, சின்ன விசிலோடு, இன்னொன்று.

அவள் அசையாமல் கிடந்தாள். காவல்காரரைக் கூப்பிடலாம். அவர் ஆட்களைக் கூப்பிடுவார். ஆட்கள் மண்வெட்டியோடு வருவார்கள். நாளைக்கு இரும்பு வாளி வரும். பற்களோடு. நிழல்கள் குவியல்களின் மேல் நீண்டு ஏறின. செருகியிருந்த ஓரத்தை இரண்டு விரலால் உருவினாள். தார்ப்பாயைத் தூக்கினாள்.

தோண்டிய தடமில்லை. மண் வழவழப்பாக இருந்தது, கறுப்பே இல்லாமல், நல்ல செம்பழுப்பாக. மழை பெய்த வாசனை. அதில் இரண்டு பள்ளங்கள். ஒருக்களித்துப் படுத்தால் விழும் பள்ளம். ஒன்று பெரியது, கதவுப் பக்கம் இருப்பதுபோல் வெளிப்புறமாக. மற்றது குறுகலானது, உட்புறமாக; அதன் தலைமாட்டில் ஒரு சட்டை, மடிப்புக் கலையாமல். பெரிய பள்ளம் மேலெழுந்தது, தாழ்ந்தது, தாழ்ந்தது. குறுகல் பள்ளம் எழுந்தது. தாழ்ந்தது.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருந்தது. சின்னது. முழங்காலை மடித்துக்கொள்கிறவளின் அளவு. பெரிய பள்ளத்திலிருந்து ஒரு கை நீளத்துக்கு மண் புடைத்து அதற்குள் நீண்டிருந்தது, தலை வைக்கத் தோதாக.

அது மட்டும் அசையவில்லை. காத்திருந்தது.

மார்ச் 30, ஞாயிறு.

தவறு: அம்மாவைத் தனியாக விட்டேன். நாற்பது அடி. டம்ளரைக் கழுவாமலே தண்ணீர் பிடித்திருக்கலாம்.

அளவு: மூச்சு இரண்டு. ஒன்று நீளம், குட்டை, குட்டை. மற்றது விசிலோடு. இரண்டும் இப்போது சீராக இருக்கின்றன.

நாளைய வேலை: லாரி ஏழு மணிக்கு. ஆறு மணிக்குள் நான்காம் குவியலுக்குப் போய்விட வேண்டும். மோட்டார் ஓட வேண்டும். தலையணை தேவையில்லை.